கை தூக்காத மல்யுத்த வீரர்



நம்ம சுவர் இதழில் விளையாட்டுப் பக்கம் வந்தாலே தங்கப் பதக்கம் வாங்கினவர், உலக சாதனை படைத்தவர் என்றுதான் எழுதுவோம். இந்தத் தடவை நான் எழுதப்போவது ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வந்த ஒருவரைப் பற்றி. நாலாவது வந்தவருக்கு எதுக்கு ஒரு முழுப் பக்கம்னு கேட்பீங்க. பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

அவர் பெயர் வெர்னர் ஸீலென்பிண்டர். ஜெர்மனி நாட்டு மல்யுத்த வீரர். காசு வாங்கிக்கொண்டு காட்சிக்காகச் சண்டை போடுகிறவர் அல்ல, அமெச்சூர் வீரர். அதாவது பகலில் கூலி வேலை, சாயங்காலம் பயிற்சி. டிவியில் நாம பார்க்கிற, நாற்காலியால அடிச்சுக்கிற மல்யுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் எப்படிப்பட்ட மல்யுத்தம் செய்தார்?

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஃப்ரீஸ்டைல். இதில் எதிராளியின் காலைப் பிடிக்கலாம், காலால் தட்டியும் விடலாம். இன்னொன்று கிரேக்கோ ரோமன். இதில் இடுப்புக்குக் கீழே கை வைக்கவே கூடாது. நம்ம காலையும் ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது. கை, தோள், மார்பு, முதுகு ஆகியவற்றின் பலத்தாலேயே எதிராளியைத் தூக்கிப் போட வேண்டும். இரண்டு தோள்பட்டையும் ஒரே நேரத்தில் விரிப்பில் படும்படி அழுத்திவிட்டால் உடனடி வெற்றி.

பெயரில்தான் கிரேக்கமும் ரோமும் இருக்கின்றன. உண்மையில் இந்த வகை 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவானது. 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வென்றவரும் ஒரு ஜெர்மானியர்தான். அவர் பெயர் கார்ல் ஷூமன். வேடிக்கை என்னவென்றால் அவர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்! அந்தப் போட்டியிலும் பதக்கம் வாங்கினார். ஆக, ஜெர்மனியில் மல்யுத்தத்துக்கு ரொம்ப நாளாகவே நல்ல மரியாதை உண்டு.

ஸீலென்பிண்டர் கிரேக்கோ ரோமன் வீரர். அவருடைய எடைப் பிரிவு 87 கிலோ வரை. லைட் ஹெவிவெயிட் என்று அதைச் சொல்வார்கள்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை

அவர் பிறந்தது 1904 ஆகஸ்ட் 2. பிறந்த ஊர் ஸ்டெட்டின் என்ற துறைமுக நகரம். அன்று அது ஜெர்மனியில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்து நாட்டுக்குப் போய்விட்டது. சிறு வயதிலேயே குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. வசதியான வீடு கிடையாது. அவரும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தார். கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பணக்காரர்களும் நடுத்தர வர்க்கத்தினரும் நடத்திய விளையாட்டுக் கழகங்கள் ஒருபுறம். மறுபுறம், தொழிலாளர்கள் தாங்களே சந்தா போட்டு நடத்திய கழகங்கள். ஓட்டம், நீச்சல், சைக்கிள், மல்யுத்தம் எல்லாம் அங்கே உண்டு. இந்தக் கழகங்கள் சேர்ந்து ‘தொழிலாளர் ஒலிம்பியாட்’ என்று தனியாகவே போட்டி நடத்தின. இன்ன நாடு ஜெயித்தது, இன்ன நாடு தோற்றது என்று பெருமை பேசாமல், எல்லா நாட்டு உழைப்பாளிகளும் சகோதரர்கள் என்று காட்டுவதே அதன் நோக்கம்.

1925-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நடந்த தொழிலாளர் ஒலிம்பியாடில் ஸீலென்பிண்டர் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 20தான். 1928-இல் மாஸ்கோவில் நடந்த ஸ்பார்ட்டகியாட் போட்டியிலும் வென்றார். அதே ஆண்டு ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

இங்கே ஒரு விளக்கம். அவருடைய கட்சியைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் வாழ்க்கையில் பின்னாடி நடந்தது புரியணும்னா இது தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்.

1933: கீழேயே இருந்த கை

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமரானார். சில மாதங்களிலேயே மற்ற கட்சிகள் எல்லாம் இல்லாமல் போயின. தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களும் தடை செய்யப்பட்டன. யூதர்கள் விளையாட்டுக் கழகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அத்துடன் ஒரு புது வழக்கமும் வந்தது. வலது கையை முன்னால் நீட்டி உயர்த்தி ‘ஹைல் ஹிட்லர்’ என்று சொல்லும் வணக்கம். பள்ளிக்கூடம், அலுவலகம், தெரு, மைதானம் என்று எல்லா இடத்திலும் அதுதான். பாடம் ஆரம்பிக்கும் முன் ஆசிரியரும் மாணவர்களும் அப்படித்தான் கை நீட்ட வேண்டும். செய்யாதவர்களை அக்கம்பக்கத்தில் இருப்பவர்களே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அந்த ஆண்டுதான் ஸீலென்பிண்டர் முதன்முறையாக ஜெர்மன் தேசியச் சாம்பியன் ஆனார். பரிசளிப்பு விழா. வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் கையை நீட்டி வணக்கம் செலுத்த வேண்டும். அவர் செலுத்தவில்லை. கை கீழேயே இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. அவர் யாரையும் அடிக்கல, திட்டல, மேடையைவிட்டுக் குதிச்சு ஓடல. ஒரு கையைத் தூக்கல, அவ்வளவுதான். அதற்காக அவர் கைது செய்யப்பட்டார். 16 மாதம் பயிற்சி செய்யவும் போட்டியில் கலந்துகொள்ளவும் தடை போட்டார்கள். ஒரு மல்யுத்த வீரருக்கு 29 வயதில் ஒரு வருஷத்துக்கு மேலே விரிப்பில் இறங்கக் கூடாது என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நம்ம பள்ளி விளையாட்டு அணியில் இருக்கிறவங்களுக்கு நல்லாவே புரியும்.

1936: பெர்லின் ஒலிம்பிக்

தடை முடிந்ததும் அவர் மறுபடி வந்தார், மறுபடி ஜெயித்தார். மொத்தத்தில் ஆறு முறை ஜெர்மன் சாம்பியன். அரசாங்கத்துக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் 1936 ஒலிம்பிக் பெர்லினில் நடக்கப்போகிறது. சொந்த ஊரில் பதக்கம் குவித்து உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது ஹிட்லர் அரசின் ஆசை. அதனால் நல்ல மல்யுத்த வீரரை ஒதுக்கிவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் எல்லோருக்கும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. கிரெட்டல் பெர்க்மன் என்ற யூதப் பெண் அதே 1936-இல் உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். அப்படியும் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் தரவில்லை. இப்படியும் ஒரு ஒலிம்பிக்!

நமக்கு 1936 என்றால் வேறு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, தியான் சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என்று வென்றது. இன்னொன்று, அமெரிக்காவின் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கியது. நீளம் தாண்டுதல் பரிசளிப்புப் படத்தைப் பார்த்தால், ஓவன்சுக்குப் பின்னால் வெள்ளி வாங்கிய ஜெர்மன் வீரர் லுட்ஸ் லாங் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இத்தனைக்கும் அவர் ஓவன்சிடம் மைதானத்திலேயே அன்பாகப் பழகியவர். பதக்கம் வாங்கும் ஜெர்மன் வீரர்களிடம் அந்த மேடையில் எதிர்பார்க்கப்பட்டது அதுதான்.

ஸீலென்பிண்டர் போட்டியில் கலந்துகொள்வதா, புறக்கணிப்பதா என்று யோசித்தார். கடைசியில் ஒரு திட்டத்தோடுதான் களம் இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. பதக்க மேடையில் ஏறி, உலகமே பார்க்கும்போது அந்த வணக்கத்தை மறுப்பது. வானொலிப் பேட்டியில் உண்மையைப் பேசுவது என்றும் சிலர் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும் அதற்கு முதலில் மேடை ஏற வேண்டும். மேடை ஏற முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும்.

மல்யுத்தப் போட்டிகள் டாய்ச்லாண்ட்ஹாலே என்ற பெரிய உள்ளரங்கில் நடந்தன. சொந்த ஊர், சொந்த மக்கள் கூட்டம். ஆனால் முதல் போட்டியிலேயே அவர் தோற்றுவிட்டார்.

தோற்ற பிறகு எப்படி நான்காவது வந்தார்?

இது என்னடா கணக்குன்னு உங்களுக்குக் குழப்பமா இருக்கும். இன்றைக்கு மாதிரி கால் இறுதி, அரை இறுதி என்ற முறை அப்போது மல்யுத்தத்தில் இல்லை. ‘கெட்ட புள்ளி’ முறை இருந்தது. அதாவது புள்ளி ஏறினால் நஷ்டம்.

எதிராளியின் தோள்களைத் தரையில் பதித்து ஜெயித்தால் 0 புள்ளி.
நடுவர்கள் தீர்ப்பால் ஜெயித்தால் 1 புள்ளி.
தோற்றால் பொதுவாக 3 புள்ளி.
மொத்தம் 5 சேர்ந்தால் போட்டியிலிருந்து வெளியே!

ஆகவே ஒரு தோல்வியோடு ஆட்டம் முடியாது. ஆனால் கழுத்துக்கு மேலே கத்தி தொங்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு போட்டியிலும் ‘ஜெயிச்சா போதும்’ என்றில்லாமல் ‘தோளைப் பதிச்சு ஜெயிக்கணும்’ என்ற நெருக்கடி. முதல் நாளே தோற்ற வீரர், அந்த நெருக்கடியோடு போராடி நான்காம் இடம் வரை வந்தார். தங்கம் ஸ்வீடனின் ஆக்செல் காடியருக்கு, வெள்ளி லாட்வியாவுக்கு, வெண்கலம் எஸ்டோனியாவுக்கு. ஸீலென்பிண்டர் மேடைக்கு ஒரே ஒரு படி கீழே நின்றுவிட்டார்.

விளையாட்டில் நான்காம் இடத்தைப் போல வலிக்கும் இடம் வேறு இல்லை என்று நம்ம பி.டி. சார் அடிக்கடி சொல்வார். ஸீலென்பிண்டருக்கு அது இரட்டை வலியாக இருந்திருக்கும். பதக்கமும் போனது, சொல்ல நினைத்ததைச் சொல்லும் இடமும் போனது.

பதக்கம் வாங்கப் போனவரின் இன்னொரு வேலை

மேடை கிடைக்கவில்லை என்று அவர் சும்மா இருக்கவில்லை. நல்ல வீரர் என்பதால் போட்டிகளுக்காக வெளிநாடு போக அவருக்கு அனுமதி இருந்தது. 1937-இல் பாரிசிலும் 1938-இல் தாலின் நகரிலும் நடந்த ஐரோப்பியச் சாம்பியன் போட்டிகளில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். சாதாரணத் தொழிலாளி அப்படி எல்லை தாண்ட முடியாத காலம் அது. அந்தப் பயணங்களைப் பயன்படுத்தி, ஹிட்லரை எதிர்த்த ரகசியக் குழுக்களுக்குச் செய்திகளையும் துண்டறிக்கைகளையும் அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். விளையாட்டு உடைக்குள்ளே போட்டிச் சாமான், அதுக்குள்ளே பிடிபட்டால் உயிர் போகிற காகிதம்!

பிறகு ராபர்ட் ஊரிக் என்ற தொழிலாளி நடத்திய எதிர்ப்புக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைகளில் ஆட்களைச் சேர்ப்பது, போரைப் பற்றிய உண்மைச் செய்திகளைப் பரப்புவது, தலைமறைவாக இருப்பவர்களுக்கு உதவுவது ஆகியவை அந்தக் குழுவின் வேலைகள்.

1942 பிப்ரவரி 4 அன்று ஊரிக்கும் ஸீலென்பிண்டரும் இன்னும் பலரும் கைது செய்யப்பட்டார்கள். கெஸ்டாப்போ என்ற ரகசியப் போலீஸ் அவரைப் பல நாட்கள் சித்திரவதை செய்தது. பிறகு இரண்டரை வருடத்துக்கும் மேலாக ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறை, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

1944 செப்டம்பரில் ‘மக்கள் நீதிமன்றம்’ அவருக்கு மரண தண்டனை விதித்தது. பெயரில்தான் மக்கள். அது ஹிட்லர் அரசு தன் எதிரிகளைத் தண்டிக்கவென்றே ஏற்படுத்திய நீதிமன்றம். 1944 அக்டோபர் 24 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 40. சாகும் முன் தன் தந்தைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து ஏழாவது மாதம், 1945 மே மாதத்தில், ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. ஏழே ஏழு மாதம்!

ஒரு மைதானத்தின் பெயர் போய் வந்த கதை

அவர் வாழ்க்கை இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் பெயருக்கு அதன் பிறகும் ஒரு மல்யுத்தம் பாக்கி இருந்தது.

போர் முடிந்த 1945-இலேயே பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் இருந்த விளையாட்டு மைதானத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அவர் அஸ்திக் கலசமும் அங்கேயே புதைக்கப்பட்டது. ஆனால் பெர்லின் நகரம் இரண்டாகப் பிரிந்தது. நொய்க்கோல்ன் இருந்தது மேற்குப் பக்கம். கம்யூனிஸ்டுகளின் எதிரணி. ‘கம்யூனிஸ்ட் பெயர் நம்ம மைதானத்துக்கு எதற்கு?’ என்ற நிலை வந்தது. சில ஆண்டுகளிலேயே பெயரை எடுத்துவிட்டார்கள். கல்லறை அங்கேயே இருந்தது, மைதானத்தில் பெயர் மட்டும் இல்லை!

கிழக்குப் பக்கம் நடந்ததோ நேர்மாறு. அங்கே இருந்தது கம்யூனிஸ்ட் அரசு. 1950-இல் ஒரு பெரிய உள்ளரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அஞ்சல் தலை வெளியிட்டார்கள். தங்கள் கட்சியின் தியாகி என்று எல்லா இடத்திலும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

1990-இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. அந்தக் கிழக்கு பெர்லின் அரங்கம் 1990களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் சைக்கிள் பந்தயத்துக்கான வெலோட்ரோம் அரங்கம் எழுந்தது. இப்போது மேற்கிலும் பெயர் இல்லை, கிழக்கிலும் அரங்கம் இல்லை.

அப்புறம் 2004 அக்டோபர் 24. அவர் இறந்து சரியாக 60 ஆண்டுகள். அன்று நொய்க்கோல்ன் மைதானத்துக்கு மீண்டும் அவர் பெயரே சூட்டப்பட்டது. 2008-இல் ஜெர்மன் விளையாட்டின் புகழ்க் கூடத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு பக்கம் அவரைத் தங்கள் கட்சிக்காரர் என்று மட்டும் பார்த்துக் கொண்டாடியது. இன்னொரு பக்கம் அவரை அந்தக் கட்சிக்காரர் என்று மட்டும் பார்த்து மறைத்தது. இரண்டு பக்கமும் அந்த மனிதரைப் பாதிதான் பார்த்தன. அவர் கட்சிக் கொள்கையை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் ஊரே கை தூக்கும்போது, தனக்குத் தப்பு என்று பட்டதற்குக் கை தூக்காமல் நின்றது எந்தக் கட்சிக்கும் மட்டும் சொந்தமில்லை.

நாம் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

மல்யுத்தத்தில் ஜெயித்தவரின் கையை நடுவர்தான் தூக்கிக் காட்டுவார். அது மற்றவர் தரும் பெருமை. அந்தக் கையை வேறு எதற்குத் தூக்குவது, எதற்குத் தூக்காமல் இருப்பது என்பது நம்ம கையில் இருக்கிறது.

‘அவர் ஒருத்தர் கை தூக்காததால ஹிட்லர் ஆட்சி கவிழ்ந்துடுச்சா?’ என்று நம்ம வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். கவிழவில்லை. கோடிக்கணக்கான பேர் கை தூக்கினார்கள், போர் வந்தது, லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் மக்கள் செத்தார்கள். ஆனால் என் பதில் இது. ‘அந்தக் காலத்தில் யாருக்குமே வேற வழி இல்லை, எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க’ என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். எல்லாரும் செய்யவில்லை என்பதற்கு ஸீலென்பிண்டர் போன்ற சிலர்தான் சாட்சி. அந்தச் சாட்சி இல்லாவிட்டால் அந்தச் சமாதானம் உண்மை ஆகியிருக்கும்.

நமக்கு அப்படிப்பட்ட பெரிய சோதனை வராமல் இருக்கட்டும். ஆனால் சின்னச் சின்ன சோதனை தினமும் வருது. வகுப்பில் ஒருத்தனை எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணும்போது நாமும் சிரிக்கணுமா? அணியில் இருந்து ஒருத்தியை அவள் ஜாதியையோ வீட்டையோ காரணம் காட்டி ஒதுக்கும்போது நாமும் பேசாம இருக்கணுமா? அங்கே யாரும் நம்மைச் சிறையில் போடப்போவதில்லை. ரொம்பப் போனால் ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க. அந்த விலையையாவது நம்மால் கொடுக்க முடியும் இல்லையா?

நான்காம் இடம் வந்தவருக்கு எதுக்கு ஒரு முழுப் பக்கம்னு இப்போ சொல்லுங்க!

ஒரு பார்வையில்

1904 – ஸ்டெட்டினில் பிறப்பு
1925 – ஃபிராங்க்ஃபர்ட் தொழிலாளர் ஒலிம்பியாடில் வெற்றி
1928 – மாஸ்கோ ஸ்பார்ட்டகியாடில் வெற்றி
1933 – ஜெர்மன் சாம்பியன். வணக்கம் செலுத்த மறுப்பு. கைது, 16 மாதத் தடை
1936 – பெர்லின் ஒலிம்பிக்கில் 4-ஆம் இடம்
1937, 1938 – ஐரோப்பிய வெண்கலம்
1942 – கைது
1944 – மரண தண்டனை
2004 – மைதானத்துக்கு மீண்டும் அவர் பெயர்

மூளைக்கு வேலை: கெட்ட புள்ளி முறையில் ஒரு வீரர் முதல் போட்டியில் தோற்கிறார். அதன் பிறகு எல்லாப் போட்டியிலும் நடுவர் தீர்ப்பால் மட்டுமே ஜெயிக்கிறார். எத்தனையாவது போட்டி முடிந்ததும் அவர் வெளியேறுவார்? விடையை ஒரு தாளில் எழுதி நூலகத்தில் உள்ள நம்ம இதழ்ப் பெட்டியில் போடுங்க. சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்